யார் பெரியவர்

சங்கரன்கோவிலில் வளர்ந்தவனுக்கு இரண்டு பாதிகள் ஓர் உடம்பாக நிற்பதில் ஆச்சரியமில்லை. சிவனா, ஹரியா, யார் பெரியவர் என்று சங்கனும் பதுமனும் தர்க்கித்த ஸ்தல புராணம் பாட்டி சொல்லிக் கேட்டது. அந்தக் கேள்வியை ஓரியன் நெபுலாவில் திரும்பச் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை.

அங்கே இரண்டு பழுப்புக் குறுமீன்கள் ஏறத்தாழ 9.8 நாளைக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. வயது சுமார் பத்து லட்சம் வருஷம், அதாவது குழந்தைகள். மாறி மாறி மறைத்துக்கொள்வதால்தான் அவற்றை அளக்க முடிந்தது. ஒன்று வியாழனின் நிறையைப் போல் சுமார் 57 மடங்கு, மற்றது 36. ஹைட்ரஜனை நிலையாக எரிக்க இது போதாது; அந்த எல்லையை இந்தியாவில் பிறந்த ஷிவ் குமார் 1963-லேயே கணக்கிட்டிருந்தார். 'தோற்றுப்போன நட்சத்திரங்கள்' என்கிறார்கள். பி.யு.சி.யில் தோற்றவன் நான், வார்த்தை உறுத்துகிறது. யார் வைத்த பரீட்சை?

2006-இல் கீவன் ஸ்டாஸனும் சகாக்களும் கண்டது இன்னும் சங்கடமானது. கனத்ததுதான் சூடாக இருக்கவேண்டும்; இங்கே கனத்ததுதான் குளிர்ந்திருக்கிறது. உள்ளிருந்து வெப்பம் மேலெழுவதைக் காந்தப்புலம் தடுக்கிறது என்பது ஒரு விளக்கம்.

இந்த ஆடித் தபசில் கூட்டத்தில் நசுங்கி நின்றபோது, எந்தப் பாதி பெரிது என்று என் கண் தன்பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தது.