உதடுகளின் குற்றம்

எட்டாம் வகுப்பை முடித்துச் சிறிய குருமடத்தில் சேர்ந்த ஆண்டு அது. திருவிழாப் பாடற்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பயிற்சியளித்தவர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, வரிசையில் நின்ற மாணவர் ஒவ்வொருவரின் அருகிலும் வந்து செவிமடுத்தார். நம்மிடம் வந்ததும் நின்றார். "தம்பி, நீ பாட வேண்டாம், வாயை மட்டும் அசை" என்றார். சினந்து சொல்லவில்லை, சிரித்தபடியேதான் சொன்னார். ஆயினும் அச்சொல் பெரிய குருமடத்திற்கும் நம்முடன் வந்தது. குருப்பட்டத்திற்குப் பின்னும் நம்மை விடவில்லை. இறையியல் கற்றோம், மறைநூல் விளக்கம் கற்றோம். திருப்பலியின் தொடக்கவுரையைப் பாட மட்டும் கற்கவில்லை. பாஸ்கா திருவிழிப்பில் பாஸ்கா புகழுரையை ஆண்டுதோறும் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, எரியும் பாஸ்கா திரியருகே வாளாவிருந்தோம்.

இக்குறையை நாம் பெரிதாக எண்ணியதில்லை. எண்ண வைத்தவர் நம் பங்கைச் சேர்ந்த முதிய கைம்பெண் ஒருவர். பாடற்குழுவினருக்கு அடுத்த வரிசையில் அமர்ந்து, சுருதியைப் பற்றிய கவலை சிறிதுமின்றி உரத்த குரலில் பாடுவார். பாடற்குழுவினர் பலமுறை முறையிட்டனர். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரை அழைத்து, "அம்மா, இனிமேல் கொஞ்சம் மெதுவாகப் பாடுங்களேன்" என்றோம். "சரிங்க சாமி" என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்து அவரைப் பார்த்தோம். காணிக்கைப் பாடல் ஒலித்துக்கொண்டிருந்தது. அவருடைய உதடுகள் அசைந்தன, குரல் எழவில்லை. அப்பத்தட்டை ஏந்திய நம் கைகள் ஒரு கணம் தயங்கின. நாம் யாரிடம் பெற்ற சொல்லை யாருக்குக் கொடுத்திருக்கிறோம்!

அந்த வாரமே ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவரைத் தேடிச் சென்றோம். "ஐம்பது வயதுக்கு மேல் பாட்டு வருமா?" என்று கேட்டோம். அவர் விடை கூறாமல் சுருதிப்பெட்டியை இயக்கினார். "பாட வேண்டாம் சாமி, முதலில் கேளுங்கள்" என்றார். சிறிது நேரம் கழித்து வாயை மூடியபடி முனகச் சொன்னார். நம் குரல் சுருதியை விட்டு எங்கோ ஒலித்தது. அவர் நம்மைத் திருத்தவில்லை; பெட்டியின் சுருதியை மாற்றி நம் குரல் நின்ற இடத்திற்குக் கொண்டுவந்தார். வாழ்வில் முதன்முறையாக நம் குரலும் ஒரு சுருதியும் ஒன்றாயின.

பின்னர் அவர் விளக்கிய செய்திகள் இறைமக்கள் அனைவருக்கும் பயன்படும். தொண்டையிலுள்ள குரல்நாண்கள், பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டியும் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவது இதனால்தான். சிறுவர்கள் வளரும் பருவத்தில் குரல்வளை பெரிதாகி, நாண்கள் நீண்டு, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. அம்மாற்றம் நிகழும் மாதங்களில் குரல் உடைவதும் வழுக்குவதும் இயல்பே. நம்மை "வாயை மட்டும் அசை" என்றபோது நமக்கு வயது பதின்மூன்று! உடைந்துகொண்டிருந்த குரலுக்குக் கிடைத்த தீர்ப்பை நாற்பது ஆண்டுகள் சுமந்திருக்கிறோம்.

பயிற்சிகள் எளியவை. மல்லாந்து படுத்து, வயிற்றின்மீது ஒரு நூலை வைத்து, மூச்சை இழுக்கும்போது அது உயரவும் விடும்போது தாழவும் பழக வேண்டும். தோள்கள் உயரக் கூடாது. பின் "ஸ்" என்ற ஒலியுடன் மூச்சைச் சீராக, மெல்ல விட வேண்டும். அடுத்து முனகல், அதன்பின் அகார சாதகம். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்; ஆனால் நாள் தவறக் கூடாது. தொண்டையைச் செருமுவது நாண்களை ஒன்றோடொன்று மோதச் செய்யும். செருமுவதை விட்டுத் தண்ணீர் பருகலாம். கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இசைக்கும் திருச்சபைக்கும் உள்ள பழைய உறவு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 11-ஆம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரில் இசை கற்பித்த பெனடிக்ட் சபைத் துறவி குயிதோ, திருமுழுக்கு யோவானைப் போற்றும் இலத்தீன் பாடலொன்றின் அடிகளிலிருந்தே சுரங்களுக்குப் பெயர் எடுத்தார். குரல் தடையின்றி எழ, உதடுகளின் குற்றம் நீங்க வேண்டும் என்பது அப்பாடலின் மன்றாட்டு. யோவானின் தந்தை செக்கரியா பேச்சிழந்து, மகன் பிறந்தபின் நா கட்டவிழ்ந்து இறைவனைப் போற்றியவர் அன்றோ! நம் உதடுகளின் குற்றம் எது என்பது நமக்குத் தெரிந்திருந்தது.

பாடற்குழுவினருடன் அமர்ந்து பேசினோம். நம் ஆலயத்தில் பாடல்களை இளம்பெண்களின் குரலுக்கேற்ற கட்டையில் எடுப்பதே வழக்கமாக இருந்தது. பல்லவியைத் தாண்டியதும் ஆடவர் வாய்மூடி நின்றனர். முதுமையில் பெண்களின் குரலும் தாழ்கிறது. எட்டாத உயரத்தை எட்ட முயன்றதால்தான் அந்த அம்மாவின் சுருதி பிசகியது. இறைமக்கள் அனைவரும் வழிபாட்டில் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டதை நாம் மறையுரையில் சொல்லியிருக்கிறோம்; ஆனால் அவர்கள் பாடக்கூடிய கட்டையில் பாடலைத் தொடங்க நினைத்ததில்லை. கட்டையைக் குறைத்தோம். மூன்றாம் ஞாயிறே ஆலயத்தின் பின்வரிசைகளிலிருந்து ஆண்குரல்கள் எழுந்தன.

அந்த அம்மாவின் வீட்டிற்கும் சென்றோம். மன்னிப்புக் கேட்டபோது அவர் பதறிப்போனார். "சாமி போய் மன்னிப்புக் கேக்கிறதா? என் வீட்டுக்காரர் இருந்தப்போ அவருக்குக் காது கேக்காது, அவருக்கும் சேத்துச் சத்தமாப் பாடிப் பாடிப் பழகிட்டேன்" என்றார். நாம் விடைகூறச் சொல்லின்றி அமர்ந்திருந்தோம்.

கடந்த பாஸ்கா திருவிழிப்பில் புகழுரையை நாமே பாடினோம். இரண்டு இடங்களில் சுருதி விலகியது; ஓரிடத்தில் மூச்சு போதவில்லை. ஆயினும் முடிவு வரை பாடினோம். திருப்பலிக்குப்பின் ஆலய முற்றத்தில் அந்த அம்மா எதிர்ப்பட்டார். "நல்லா இருந்துச்சு சாமி. அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் சத்தமாப் பாடுங்க" என்றார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் அருகிலும் உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பவர் யாரேனும் உண்டா? அவரிடம் ஒரு சொல் பேசுவோமா?