பி.யூ. என்று விற்ற ஃபைபர்

தாழ்த்திய கார் ஓட்டுகிறவருக்காக நுகர்வோர் ஆணையத்தில் வக்காலத்துப் போட்டபோது, பார் அறையில் கேலி பேசாதவர்கள் குறைவு. “வண்டியை இறக்கினது உங்க கட்சிக்காரர். லிப் உடைஞ்சதுக்குக் கடைக்காரர் பணம் கட்டணுமாக்கும்?” என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். பின்னால் வந்த எதிர்தரப்பின் பதிலுரையும் அதே கேள்வியைத்தான் சட்ட நடையில் கேட்டது.

கட்சிக்காரருக்குப் பொள்ளாச்சி, வேலை கோவை சரவணம்பட்டியில். தினமும் போக வர ஸ்விஃப்ட் கார். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கட்டையான ஸ்பிரிங் போட்டிருந்தார். அதற்குத் தோதாக முன் லிப், இரண்டு சைடு ஸ்கர்ட், பின் டிஃபியூசர் கொண்ட பாடி கிட் ஒன்றை வெளிமாநில விற்பனையாளரிடம் போனிலேயே பேசி முடித்தார். விலை 28,000 ரூபாய். பெயின்ட் அடித்துப் பொருத்த உள்ளூர்ப் பட்டறையில் இன்னொரு 9,000. ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேகத்தடை ஒன்றில் தட்டி லிப் இரண்டாகப் பிளந்தது. திருகு பிடித்திருந்த இடத்தில் பம்பரையும் கிழித்துக்கொண்டு வந்தது.

வாங்குவதற்கு முன் அவர் வாட்ஸ்அப்பில் தெளிவாகவே கேட்டிருந்தார்: வண்டி இறக்கியது, தினமும் ஓட்டுவது, தட்டினால் உடையாத மெட்டீரியல் எது? பி.யூ. எடுத்துக்கொள்ளுங்கள், வளையுமே தவிர உடையாது என்று பதில் வந்தது. கூடவே ஒருவர் லிப்பைக் கையில் பிடித்து முறுக்கிக் காட்டும் வீடியோ. பில்லில் ‘பி.யூ. பாடி கிட், 1 செட்’ என்று ஒரே வரி. வழக்கின் உயிர் இந்த மூன்றிலும்தான் இருந்தது.

உடைந்த துண்டுகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். எனக்குத் தெரிந்த டிங்கரிங் மேஸ்திரி ஒருவரிடம் காட்டினேன். அவர் உடைப்பு விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். கண்ணாடி இழைகள் நார் நாராக நீட்டிக்கொண்டிருந்தன. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அண்டர்கோட். அதைக் கத்தி முனையால் சுரண்டினால், அடியில் இழைப்பாயும் ரெசின் தடவிய பிரஷ் தடமும் தெரிந்தன. “இது ஃபைபருங்க வக்கீலய்யா. பி.யூ.வா இருந்தா இடிச்சா மடங்கும், மறுபடி நிமிந்துக்கும். சிராய்ப்பு வுழும், அவ்வளவுதான். இது மடங்காதுங்க, வெடிச்சுரும்” என்றார். அண்டர்கோட் இருந்ததால் பொருத்திய பட்டறைக்காரருக்கும் இது தெரிய வழியில்லை. 

பட்டறைகளில் ஃபைபர் என்று சொல்வது கண்ணாடி இழைப்பாயில் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி அச்சில் எடுப்பது. எடை குறைவு, விலை குறைவு, விதவிதமான வடிவம் எடுக்கலாம், உடைந்தால் மறுபடி இழை வைத்து ஒட்டலாம். பந்தய வண்டிக்கும் கண்காட்சி வண்டிக்கும் அது சரி. பி.யூ. என்கிற பாலியூரித்தேன் ரப்பர் தன்மை கொண்டது. எடையும் விலையும் கூடுதல், ஆனால் அடி தாங்கும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் இரண்டுக்கும் நடுவில்: ஓரளவு வளையும், வெயிலில் கிடந்து கிடந்து இறுகினால் திருகு ஓட்டையில் விரிசல் விடும். கம்பெனி பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலவை. கழற்றி உள்பக்கம் பார்த்தால் பொருளின் குறியீடு அச்சிலேயே பதிந்திருக்கும். எங்கள் துண்டில் எந்தக் குறியும் இல்லை.

விற்பனையாளர் இருப்பது வேறு மாநிலம் என்பதற்காக அங்கே போய் அலைய வேண்டியதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. விற்பனையாளருக்கு அனுப்பிய நோட்டீசுக்குப் பதில் வரவில்லை. கோவையில் புகார் தாக்கல் செய்தோம்.

எதிர்தரப்பு மூன்று வாதங்களை வைத்தது. வண்டியை இறக்கியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு விரோதம். சட்டத்தை மீறியவர் நிவாரணம் கேட்க முடியாது என்பது முதல் வாதம். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கும் பதிவுச் சான்றுக்கும் மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் காட்டினார்கள். அவ்வளவு தாழ்வான வண்டியில் எதை மாட்டினாலும் இடிக்கும் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது: பில்லில் பி.யூ. என்று போட்டது பெயின்ட் அடிப்பதற்கேற்ற பூச்சு வகையைத்தானாம், பொருளை அல்லவாம்!

பி.யூ. பெயின்ட் என்று ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் இந்த கிட் வந்தது சாம்பல் நிற பிரைமரோடு. பெயின்ட் அடித்தது உள்ளூர்ப் பட்டறை, அதற்குத் தனி ரசீது இருந்தது. வாட்ஸ்அப் உரையாடலை மின்னணுச் சான்றிதழோடு தாக்கல் செய்தோம். வளையும், உடையாது என்று யாரும் பூச்சைப் பற்றிச் சொல்வதில்லை. அதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி துண்டை முத்திரையிட்டுக் கிண்டியில் உள்ள சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் ஆய்வகத்துக்கு அனுப்ப மனுப் போட்டு, கட்டணத்தை நாங்களே கட்டுவதாகச் சொன்னோம். மனு விசாரணைக்கு வந்த அன்றே, பொருள் ஃபைபர்தான் என்பதை மறுக்கவில்லை என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆய்வுக்கே தேவை இல்லாமல் போயிற்று.

இடிக்கும் என்ற வாதம்தான் கடினம். வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேட்டு, லிப்பின் அடிவிளிம்பு இருந்த உயரத்தை அளக்க வைத்தோம்: தரையிலிருந்து 11 செ.மீ. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி, 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிச் சரிவாக அமைந்த மேட்டில், முன்சக்கரம் ஏறத் தொடங்கும்போது 80 செ.மீ. முன்னால் நிற்கும் லிப்புக்கு அடியில் மேட்டின் உயரம் ஏறக்குறைய 7 செ.மீ.தான். மெதுவாகப் போனால் இடிக்காது. ஆனால் சம்பவ இடத்து மேடு 14 செ.மீ. உயரம், ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. நம் ஊர்த் தெருக்களில் அப்படிப்பட்டவைதான் அதிகம்.

இந்தக் கணக்கு எங்களுக்கு ஒரு பக்கம் உதவியது, மறுபக்கம் வெட்டியது. அதனால் வாதத்தை இரண்டாகப் பிரித்து வைத்தேன்: இடித்தது உயரத்தால், உடைந்தது பொருளால். இடிக்கும் என்று தெரிந்துதான் உடையாத பொருள் கேட்டார். விற்றவரும் அது தெரிந்துதான் பதில் சொன்னார். பொருளின் உட்கூறு பற்றிப் பொய்யாகச் சொல்வது, அதே நுகர்வோர் சட்டத்தின் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறை என்ற பட்டியலிலேயே இருக்கிறது. வாங்கியவர் வண்டியை இறக்கியது குற்றமென்றால் அதை விசாரிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்க அது உரிமம் ஆகாது.

ஆணையம் இதே கோட்டில்தான் உத்தரவைப் பிரித்தது. கிட்டின் விலை 28,000-மும், அதை நம்பிச் செலவழித்த 9,000-மும் 9 சதவீத வட்டியோடு திரும்பத் தர வேண்டும்; வழக்குச் செலவும் தர வேண்டும்; உடைந்த கிட்டை விற்பனையாளர் தன் செலவில் எடுத்துக்கொள்ளலாம். பம்பர் சேதத்துக்கும் மன உளைச்சலுக்கும் கேட்ட தொகை தள்ளுபடி. வண்டியை இறக்குவது அவராகவே தேடிக்கொண்ட ஆபத்து, அதன் பலன் அவரையே சேரும் என்று காரணம் சொன்னது. மேல்முறையீட்டுக்கு உள்ள 45 நாள் கெடுவுக்குள் விற்பனையாளர் பணத்தைக் கட்டிவிட்டார். பம்பர் பணம் வரவில்லையே என்று கட்சிக்காரருக்குக் குறைதான். என்னைக் கேட்டால் உத்தரவு சரி.

இப்போதும் இளைஞர்கள் இதே மாதிரி சந்தேகத்தோடு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வண்டியை இறக்குவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேளுங்கள். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு இடம் தருகிறது. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு முழு பம்பர் கிட் வேண்டாம். தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய லிப் போதும், அதுவும் பி.யூ.விலோ பாலிபுரொப்பிலீனிலோ. வெறும் டேப்பை நம்பாமல், அகலமான வாஷர் வைத்துத் திருகச் சொல்லுங்கள். பெயின்ட் அடிப்பதானால் வளையும் பிளாஸ்டிக்குக்கு உரிய கலவை சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் லிப் பிழைக்கும், பெயின்ட் உதிரும். பார்சல் வந்ததும் உள்பக்கத்தைப் பாருங்கள், கையால் வளைத்துப் பாருங்கள், பிரிப்பதை வீடியோ எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருளின் முழுப் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.