இரண்டால் பெருக்கினால் சரியா?

ஒரே மோட்டார் சைக்கிள், ஒரே நேரம், மூன்று வேகங்கள். வண்டியின் மீற்றர் 54 என்கிறது. கைப்பிடியில் பூட்டின ஜிபிஎஸ் பெட்டியின் சின்னத் திரை 27 என்கிறது. கைபேசி 48க்கும் 53க்கும் இடையில் ஆடிக்கொண்டு நிற்கிறது. இதில எதை நம்புறது?

நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் கலைப்பீடம், ஒருத்தன் தொழில்நுட்பக் கல்லூரி, நாலாவது ஆள்தான் ஓட்டுகிறவன். பின்னேரங்களில் ஒரு கராஜில் வேலை செய்து, சனி ஞாயிறு பயிற்சி ஓடுபாதைக்குப் போகிறவன். புதியவர்களுக்கான பிரிவில் இந்த முறை ஓடவேணும் என்பது அவன்ர எண்ணம். கையில் இருந்த சேமிப்பு ஒரு வேலைக்குத்தான் காணும்: ஒன்றில் புது சைலன்சர், இல்லையெண்டா பின் பற்சக்கரத்தை மாத்தி, ரயரும் போடலாம். நேர்ப்பகுதியில் வேகம் காணாதா, வளைவில் வேகம் போகுதா எண்டு தெரியாமல் அந்தக் காசைச் செலவழிக்க ஏலாது. அதற்காகத்தான் ஜிபிஎஸ் பெட்டி ஒன்றைப் பாவிச்ச விலைக்கு வாங்கினம். பெரும்பாலான கைபேசிகள் செக்கனுக்கு ஒரு தடவைதான் இடத்தையும் வேகத்தையும் சொல்லும். வெளியே பூட்டுகிற பெட்டி பத்துத் தடவை சொல்லும். மணிக்கு 90 கிலோமீற்றரில் போகிறவன் ஒரு செக்கனில் 25 மீற்றர் போய்விடுவான். வளைவு ஒன்றின் பாதி அதற்குள் முடிந்துவிடும்.

பெட்டி வந்தது, இலக்கம்தான் சரியில்லை.

உதவி கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது ஒன்றுதான்: "மச்சான், சரியாப் பாதி காட்டுது. பேசாம ரெண்டால பெருக்குங்கோவன்." பார்க்கிறதுக்கு அது சரிதான். மீற்றர் 54 என்றால் திரை 27. மீற்றர் 86 என்றால் திரை 43. ஆனால் ஏன் பாதி? எந்தக் கருவிக்கும் வேகத்தைப் பாதியாக்குவதற்கு ஒரு காரணம் இருக்கவேணுமே. காரணம் தெரியாத பெருக்கலை நம்பி ஒருத்தன் வளைவுக்குள் இறங்கக்கூடாது என்பதில் நாங்கள் கொஞ்சம் பிடிவாதமாக நிண்டம்.

வரலாறு படிக்கிற ஆக்கள் எங்களுக்குள்ள இருந்ததால, கேள்வி வேறு மாதிரி வந்தது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால், அதில் ஒருத்தர் உண்மை சொல்கிறார் என்று ஏன் எடுக்கவேணும்? இரண்டும் பிழையாக இருக்கலாம். அப்ப மூன்றாவது சாட்சி ஒன்று வேணும், அதுவும் இந்த இரண்டையும் தெரியாத சாட்சி. ஐம்பது மீற்றர் அளவு நாடா ஒன்றை இரவல் வாங்கி, ஓடுபாதையின் நேர்ப்பகுதியில் 200 மீற்றர் அளந்து, இரண்டு பக்கமும் கொடி நட்டம். மீற்றரில் 54ஐ அசையாமல் பிடித்துக்கொண்டு அவன் ஓட, நாங்கள் நேரம் எடுத்தம். போகேக்க மூன்று தரம், வரேக்க மூன்று தரம். சராசரி 14.4 செக்கன். 200ஐ 14.4ஆல் பிரித்து 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 50 கிலோமீற்றர்.

54உம் இல்லை, 27உம் இல்லை. இரண்டு சாட்சியும் பிழை.

முதலில் மீற்றரின் பிழையைப் பார்ப்பம். இது பழுது இல்லை, வேண்டுமென்றே வைத்தது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 39ஆம் ஒழுங்குவிதி, வாகன மீற்றர் உண்மையான வேகத்தை விடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஒரு எல்லை உண்டு. அதனால் உற்பத்தியாளர்கள் பாதுகாப்பாகக் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். ரயர் தேய்ந்தால், அளவு மாறினால், அதுவும் சேரும். எங்கட வண்டியில் அது நூற்றுக்கு எட்டு.

இனித் திரை. 50ஐ 27ஆல் பிரித்தால் 1.852. அந்த இலக்கத்தைக் கண்டதும் தொழில்நுட்பக் கல்லூரிக்காரன் சிரிச்சான். ஒரு கடல் மைல் 1852 மீற்றர். திரை காட்டினது கிலோமீற்றர் இல்லை, நொட். பெரும்பாலான ஜிபிஎஸ் பெட்டிகள் பேசுகிற மொழிக்குப் பெயர் என்.எம்.இ.ஏ. 0183. அதை உருவாக்கினது அமெரிக்காவின் தேசிய கடல்சார் மின்னணுவியல் சங்கம். கப்பலுக்காகச் செய்த மொழி என்பதால், அதில் ஆர்.எம்.சி. என்ற வரியில் வேகம் நொட்டில்தான் வரும். அதைக் கிலோமீற்றராக்குவது வாசிக்கிற திரையின் வேலை. விற்றவரிடம் கேட்டபோது, தான் அதைப் படகில் பூட்டி வைத்திருந்ததாகச் சொன்னார். கடலில் நொட்தான் பழக்கம். அவர் அப்படியே தந்திருக்கிறார்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. மீற்றர் எட்டு வீதம் கூட்டுகிறது, திரை 1.852ஆல் குறைக்கிறது. 1.08ஐ 1.852ஆல் பெருக்கினால் இரண்டு. தற்செயலாக ஒன்றோடொன்று பொருந்தின இரண்டு பிழைகள்தான் அந்தச் "சரியாப் பாதி". இரண்டால் பெருக்கியிருந்தால், திரையும் மீற்றரும் ஒரே பொய்யை ஒற்றுமையாகச் சொல்லியிருக்கும். நாங்களும் சரிபார்த்துவிட்டதாக நினைச்சிருப்பம்.

அலகை மாற்றின பிறகும் ஒரு குறை இருந்தது. வேகம் 90க்குக் கிட்டப் போனதும் திரை வெறுமையாகும். பெட்டிக்குள் இருந்த சிப் யூ-பிளாக்ஸ். அந்த நிறுவனத்தின் கையேடு எவரும் எடுத்து வாசிக்கலாம். அதில் 'இயங்கு மாதிரி' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. பாதசாரி, வாகனம், கடல், வானூர்தி என்று நீங்கள் யார் என்பதைப் பெட்டிக்குச் சொல்லவேணும். அதை வைத்துத்தான் அது எது நடக்கக்கூடியது, எது நடக்காதது என்று முடிவெடுக்கும். எங்கட பெட்டி கடலில் இருந்தது. கடல் மாதிரியின் வேக எல்லை செக்கனுக்கு 25 மீற்றர், அதாவது மணிக்கு 90 கிலோமீற்றர். உயர எல்லை 500 மீற்றர். 1934இலிருந்து மலையேற்றப் போட்டி நடக்கிற நுவரெலியா மகாகஸ்தோட்டவுக்கு இதைக் கொண்டுபோயிருந்தால் பெட்டி வாயே திறந்திருக்காது. 'வாகனம்' என்று மாற்றினதும் அந்தக் குறை தீர்ந்தது. மாற்றினதைப் பெட்டியின் நினைவகத்தில் சேமிக்கவும் வேணும், இல்லையெண்டா பட்டரி போனதும் பழைய கடலுக்கே திரும்பிவிடும்.

பிறகு இலக்கங்கள் இடைக்கிடை தாண்டித் தாண்டி வந்தன. காரணம் குழாய் சின்னது, தண்ணி கூட. பெட்டிக்குள் சிப்புக்கும் புளூரூத் பகுதிக்கும் இடையிலான வேகம் 9600 போட். அதில் செக்கனுக்கு 960 எழுத்துத்தான் போகும். எல்லா வரிகளையும் பத்துத் தடவை அனுப்பினால் அதைப் போலப் பல மடங்கு எழுத்து. 115200க்கு உயர்த்தி, தேவையில்லாத வரிகளை நிற்பாட்டி, ஆர்.எம்.சி.யையும் ஜி.ஜி.ஏ.யையும் மட்டும் விட்டம். தாண்டல் நின்றது.

இதே போலப் பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு இன்னும் மூன்று விசயம்.

ஒன்று, பெட்டியை ஓஃப் பண்ணிப் பாருங்கோ. செயலியில் வேகம் தொடர்ந்து வந்தால், அது இவ்வளவு நாளும் கைபேசியின் ஜிபிஎஸ்ஸைத்தான் வாசித்திருக்கிறது.

இரண்டு, செயலி வேகத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று அமைப்புகளில் தேடுங்கோ. அம்புலன்ஸ் எங்களைக் கடக்கேக்க அதன் சத்தம் மாறுகிற மாதிரி, செய்மதிச் சமிக்ஞையின் அலைவெண்ணும் எங்கட அசைவுக்கு ஏற்ப மாறும். இதுதான் டொப்ளர் விளைவு. பெட்டி வேகத்தை அதிலிருந்து எடுத்தால் நல்ல துல்லியம். அதை விட்டுவிட்டு, இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தை நேரத்தால் பிரிக்கிற செயலிகளும் உண்டு. செக்கனில் பத்திலொரு பங்குக்குள் ஒரு புள்ளி அரை மீற்றர் தள்ளி விழுந்தால், வேகத்தில் மணிக்கு 18 கிலோமீற்றர் பிழை வரும்.

மூன்று, பெட்டி வானத்தைப் பார்க்கவேணும். சீற்றுக்குக் கீழேயோ, தாங்கியோடு ஒட்டியோ, ஓட்டுகிறவரின் உடம்பு மறைக்கிற இடத்திலோ வைத்தால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. நாங்கள் பின் மட்காட்டுக்கு மேல், சின்ன அலுமினியத் தகட்டில் பூட்டினம்.

எல்லாம் சரிவந்த பிறகுதான் பெரிய வாக்குவாதம் வந்தது. திரையைக் கைப்பிடியிலேயே வைத்து, அதைப் பார்த்துப் பிரேக் பிடிக்கும் இடத்தை முடிவு செய்யலாம் என்பது ஓட்டுகிறவனின் விருப்பம். வேண்டாம் என்று மற்ற மூன்று பேரும் சொன்னம். கணித்து, வடிகட்டி, புளூரூத்தில் அனுப்பித் திரையில் வர 0.4 செக்கன் பிந்தினால்கூட, 90இல் அது பத்து மீற்றர். திரை சொல்வது பத்து மீற்றருக்கு முந்தின கதை. அவனுக்குக் கோபம்தான். இரண்டு நாள் சரியாக் கதைக்கேல்ல. மூன்றாம் நாள் திரையைக் கழற்றிக் கையில தந்துபோட்டு, "பதிவை மட்டும் பாப்பம்" எண்டான்.

பதிவில் அவனுக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது. மீற்றர் நூறைத் தொட்டதாக அவன் எல்லாருக்கும் சொல்லி வைத்த ஓட்டத்தின் உண்மையான வேகம் 92. "அப்ப நான் இன்னும் நூறே போகேல்லையோ?" எண்டு கேட்டான். ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. ஆனால் அதே பதிவில் இன்னொன்றும் இருந்தது. நேர்ப்பகுதியின் முடிவில் அவனுடைய வேகம் ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட ஒன்று. நேரம் போனது இரண்டாவது வளைவிலிருந்து வெளியே வரேக்க. நல்ல சுற்றுக்கும் மோசமான சுற்றுக்கும் அந்த இடத்தில் ஆறு கிலோமீற்றர் வித்தியாசம். சைலன்சர் அதைத் தீர்க்காது. ஒரு பல் கூடின பின் பற்சக்கரமும் ஒரு நல்ல ரயரும் வாங்கினான். கொஞ்சக் காசு மிஞ்சினது, அதைப் போட்டிப் பதிவுக்கு வைத்திருக்கிறான்.

எங்கட வயதுப் பெடியள் இரவில் வெறும் றோட்டில் ஓடி, மீற்றரைப் படமெடுத்து ஸ்ரேற்றஸ் போடுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்திலுள்ள இலக்கமே கூட்டிக் காட்டுகிற ஒன்று என்பதை அவர்களிடம் யாராவது சொல்லவேணும். அந்த எட்டு வீதத்துக்காக உயிரை வைக்கிறது சரியான நட்டம். கொடியும் அதிகாரிகளும் உள்ள ஓடுபாதைகூட மன்னிக்கிற இடமில்லை. 2024 ஏப்ரலில் தியத்தலாவ பொக்ஸ்ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகி ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, வேகத்தைப் பரிசோதிக்கப் பொதுவீதிக்குப் போவதில்லை என்று எங்களுக்குள் ஒரு முடிவு. ஓடுபாதை கிடைக்காத கிழமையில் பரிசோதனையும் இல்லை.

இலக்கம் பேசத் தொடங்கினால் எங்களைப் போன்ற கலைப்பீடத்து ஆக்கள் ஒதுங்கி நிற்கவேணும் என்று ஒரு எண்ணம் கம்பஸில் இருக்கிறது. இந்த விசயத்தில் முதலில் தேவைப்பட்டது கேள்விகள்தான். யார் சொல்கிறார்கள், எந்த மொழியில் சொல்கிறார்கள், யாருக்காக முதலில் செய்தது? பிறகுதான் பெருக்கலும் பிரித்தலும்.

இரவல் வாங்கின அளவு நாடாவை இன்னும் திருப்பிக் குடுக்கேல்ல. ஓடுபாதையில் அளந்து பார்க்க விருப்பமெண்டா கேளுங்கோ, கொண்டு வாறம்.