இரண்டாவது ஜோடிச் சக்கரங்கள்

சைக்கிளோகிராஸ் என்ற பந்தயத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர் வைத்துவிட வேண்டும் என்று சில காலமாக முயன்று வருகிறேன். சேற்றோட்டம் என்றால் எருமைகள் நினைவுக்கு வருகின்றன. வயல்வழிப் பந்தயம் என்றால் சைக்கிள் காணாமல் போய்விடுகிறது. எனவே சைக்கிளோகிராஸ் என்றே இருக்கட்டும். நாங்கள் வாழும் கென்ட் நகரைச் சுற்றியுள்ள ஃபிளாண்டர்ஸ் பகுதியில் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பெயரால்தான் அறியப்படுகின்றன.

ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்று. புல்வெளி, சேறு, மணல், படிக்கட்டு, நாற்பது சென்டிமீட்டர் உயரம்வரை பலகைத் தடைகள். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுடைய முதல் தேசியப் போட்டி 1902-இல் நடந்தது. முதல் உலகப் போட்டி 1950-இல் பாரிஸில். ஆனால் இதைத் தம் சொந்தமாக ஆக்கிக்கொண்டவர்கள் ஃபிளெமிஷ் மக்கள். அவர்களில் ஒருவரான எரிக் டி விளாமிங்க் 1966-க்கும் 1973-க்கும் இடையில் ஏழு முறை உலகப் பட்டம் வென்றார். அந்த எண்ணிக்கையை இன்னொருவர், நெதர்லாந்துக்காரரான மாத்தியூ வான் டெர் போல், எட்டுவதற்கு 2025 வரை ஆயிற்று. நவம்பர் 1 அன்று இங்கே மக்கள் சாமந்திப்பூத் தொட்டிகளோடு கல்லறைகளுக்குச் சென்று முன்னோரை வணங்குகிறார்கள். அதே நாளில் ஔடனார்டெ அருகே கொப்பன்பெர்க் என்ற செங்குத்தான கல்பாவிய குன்றில் சைக்கிளோகிராஸ் நடக்கிறது. இரண்டுக்கும் போய்வரும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

என் மகனுக்குப் பதினைந்து வயது. மூன்று ஆண்டுகளாக இந்தப் பந்தயங்களில் ஓடுகிறான். அவனிடம் இருப்பது ஒரே ஒரு சைக்கிள். பழையதாக வாங்கிய அலுமினியச் சட்டகம், டிஸ்க் பிரேக். திங்கள் முதல் வெள்ளிவரை அதில்தான் பள்ளிக்குப் பதினோரு கிலோமீட்டர் போகிறான். ஞாயிறன்று அதுவே பந்தயச் சைக்கிள். சாலைக்கு வழுவழுப்பான 28 மில்லிமீட்டர் டயர், ஏறத்தாழ ஐந்து பார் காற்று. சேற்றுக்கு முள்முள்ளான 33 மில்லிமீட்டர் டயர். அதில் ட்யூப் இல்லை, அடைப்புத் திரவம் ஊற்றி ஒன்றரை பார் காற்று மட்டும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். சர்வதேசப் போட்டிகளில் 33 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயருக்கு அனுமதி கிடையாது. எனவே சேற்றில் பிடிமானம் முழுவதும் டயரின் முள்ளிலும் காற்றின் குறைவிலுமே இருக்கிறது. சனிக்கிழமை இரவு ஒரு ஜோடியைக் கழற்றி இன்னொரு ஜோடியை மாட்டுவது, ஞாயிறு இரவு அதைத் திருப்பிச் செய்வது. சமையலறைத் தரையில் வெள்ளைத் திரவம் சொட்டும். சில வாரங்களில் ட்யூப்லெஸ் டயர் ரிம்மோடு படிய மறுக்கும். பத்தரை மணிக்கு நானும் அவனும் மாறிமாறிப் பம்ப் அடித்துக்கொண்டிருப்போம்.

இதற்கான தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இன்னொரு ஜோடிச் சக்கரம். ஆனால் சென்ற ஆண்டு ஆகஸ்டில் என் மனைவியின் வேலை நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டது. நாங்கள் அதைப் பற்றி மாடியில் தணிந்த குரலில்தான் பேசினோம். செப்டம்பர் தொடக்கத்தில் ஒருநாள் அவன் தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "இந்த வருஷம் ரேஸ் வேண்டாம்பா. படிப்பு நிறைய இருக்கு."

படிப்பு நிறைய இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். பணமில்லாத வீட்டில் பிள்ளைகள் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொள்வது நல்ல பண்பு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்தப் பண்பு தன் மகனிடம் வந்து நிற்பதைப் பார்க்கும்போது அது அவ்வளவு நல்லதாகத் தோன்றவில்லை. அன்றிரவு நானும் மனைவியும் கணக்குப் பார்த்தோம். முந்நூறு யூரோ. அதற்குள் முடிய வேண்டும்.

முதலில் எதைத் தள்ளுவது என்று பார்த்தேன். பெரிய வீரர்கள் நெடுங்காலமாக ஓட்டுவது ட்யூபுலர் டயர். துணியால் தைத்த குழாய் போன்றது, ரிம்மில் பசைபோட்டு ஒட்டப்படுவது. அடுக்கடுக்காகப் பசை பூசிக் காயவைக்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். சேற்றுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, காய்ந்த புல்லுக்கு ஒன்று என்று ஜோடி ஜோடியாகச் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும். கார்பன் ரிம்மைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. பழைய கார்பன் ரிம் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் உள்விரிசலை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல என்னால் முடியாது.

எடை குறித்தும் ஒரு கணக்குப் போட்டேன். சைக்கிளோகிராஸில் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைந்து மீண்டும் கூட வேண்டியிருப்பதால், சக்கரம் இலகுவாக இருக்க வேண்டும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ரிம்மின் எடை முன்னோக்கியும் நகர வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே வேகம் கூட்டும்போது அது ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்கில் வரும். இரு ரிம்களிலும் சேர்த்து 300 கிராம் அதிகம் என்றால் 600 கிராமாக உணரப்படும். என் மகனும் சைக்கிளும் சேர்ந்து அறுபத்தைந்து கிலோ. வேறுபாடு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மழை பெய்த ஞாயிறன்று இரண்டாவது சுற்றிலேயே அதைவிட அதிகமான சேறு சட்டகத்தில் ஒட்டியிருக்கும். அந்த 300 கிராமைக் குறைக்க நூறு யூரோவுக்கு மேல் கேட்டார்கள்.

பொருத்தம் பார்ப்பதுதான் கடினமான பகுதி. பழைய நாளில் சைக்கிள் சக்கரம் என்றால் அச்சும் நட்டும். இன்று முன் அச்சு 12 மில்லிமீட்டர் விட்டமா, 15 மில்லிமீட்டரா என்று பார்க்க வேண்டும். பின்பக்க ஹப்பின் அகலம் 135-ஆ, 142-ஆ என்று பார்க்க வேண்டும். டிஸ்க் ஆறு திருகுகளால் பிடிப்பதா, நடுவில் ஒரே வளையத்தால் பூட்டுவதா என்று பார்க்க வேண்டும். கேசட் ஏறும் உருளை ஷிமானோ வகையா, ஸ்ராம் வகையா என்பது அடுத்த கேள்வி. இவற்றில் ஒன்று தவறினாலும் மலிவாக வாங்கிய சக்கரம் சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள்தான். நான் ஒரு தாளில் ஐந்து வரிகளாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பொருந்தினாலும் இன்னொரு நுட்பம் உண்டு. வெவ்வேறு ஹப்களில் டிஸ்க் நிற்கும் இடம் ஒரு நூலிழை மாறும். அந்த மாற்றம் போதும், சக்கரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் பிரேக் உரசும். ஒவ்வொரு முறையும் பிரேக்கைத் தளர்த்தி நடுவில் நிறுத்த வேண்டும். இரு ஜோடிகளிலும் ஒரே நிறுவனத்தின் ஹப் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. எங்கள் பழைய சக்கரத்தில் இருந்தது ஷிமானோ. எனவே புதியதும் ஷிமானோ.

விலைச்சீட்டில் தெரியாத செலவுகளும் இருக்கின்றன. சக்கரத்தோடு கேசட் வராது, டிஸ்க் வராது, வால்வு வராது, ரிம்முக்குள் ஒட்டும் நாடாவும் வராது. பழைய கேசட்டையே மாற்றி மாற்றி மாட்டலாம் என்றால், டயர் மாற்றும் தொல்லை போய்க் கேசட் மாற்றும் தொல்லை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே சங்கிலி இரண்டு கேசட்டுகளில் ஓட வேண்டும் என்பதால் சங்கிலியை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். பதினோரு கியர் சங்கிலி அரை சதவீதம் நீண்டாலே போதும். தேய்ந்த சங்கிலி புதுக் கேசட்டையும் தன் வயதுக்கு இழுத்துவிடும். டயருக்கு மட்டும் செலவில்லை. இரு வகையும் எங்களிடம் ஏற்கனவே இருந்தன. இல்லாதது அவற்றுக்கு ஆளுக்கொரு வீடு.

இந்தத் தாளோடு என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போனேன். எண்பதை நெருங்குபவர், இளமையில் பந்தயக்காரர்களுக்குச் சக்கரம் கோத்துக் கொடுத்தவர். நான் தயாராக விற்கப்படும் ஒரு ஜோடியின் படத்தைக் காட்டினேன். விலை நூற்று எழுபது யூரோ. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இதில் ஒரு கம்பி அறுந்தால் எங்கே வாங்குவீர்கள்?" என்று கேட்டார்.

அந்தச் சக்கரத்துக்கு அந்த நிறுவனத்தின் தனிக் கம்பிதான் பொருந்தும். கடைக்காரரிடம் விசாரித்திருந்தேன்; வரவழைக்கச் சில வாரங்கள் ஆகும் என்றார். சைக்கிளோகிராஸ் பருவம் ஏறத்தாழ இருபது வாரங்கள்தான்.

பெரியவர் என் தாளின் பின்புறம் எழுதத் தொடங்கினார். ஷிமானோ 105 வரிசை ஹப் ஒரு ஜோடி, 32 துளை: 75 யூரோ. உள்ளகலம் 20 மில்லிமீட்டர் உள்ள சாதாரண அலுமினிய ரிம் இரண்டு: 70. கம்பிகள் அறுபத்து நான்கு, பித்தளை நிப்பிள்களோடு ஒன்று 60 சென்ட்: 38 யூரோ 40 சென்ட். மொத்தம் 183.40. தயாராகக் கிடைப்பதைவிடப் பதின்மூன்று யூரோ அதிகம். கேசட் 45, டிஸ்க் இரண்டு 36, நாடா, வால்வு, திரவம் 25. எல்லாம் சேர்த்து 289 யூரோ 40 சென்ட்.

"கூலி?" என்றேன்.

"உங்கள் மகன் வந்து கோக்கட்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. அலுமினிய நிப்பிள் இலகுவானது. ஆனால் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு அதைத் தின்றுவிடும். இந்த ஹப்பில் இருப்பவை பிரித்துத் துடைத்துக் கிரீஸ் வைக்கக்கூடிய தனிக் குண்டுகள், நம் ஊரில் பால்ரஸ் என்று சொல்வோமே அவை. பந்தயம் முடிந்ததும் எல்லோரும் அழுத்த நீரால் சைக்கிளைக் கழுவுகிறார்கள். அந்த நீர் எந்தத் தடுப்பையும் மீறி உள்ளே போகும். கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவனுக்கு அது ஒரு மாலை வேலை. முப்பத்திரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் மற்றவை சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அறுந்த கம்பிக்கு மாற்று, ஊரில் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

நான்கு மாலைகள் ஆயின. ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கம்பிகள் நேர்க்கோட்டில் போவதில்லை. ஒவ்வொன்றும் மற்ற மூன்றைக் குறுக்கிட்டுச் சாய்வாகப் போகிறது. டிஸ்க் பிரேக் பிடிப்பது ஹப்பை. அந்தப் பிடி கம்பிகள் வழியாகத்தான் டயருக்குப் போய்ச் சேர வேண்டும். நேராக நிற்கும் கம்பியால் அதைத் தாங்க இயலாது. சக்கரத்தின் சுமை கம்பிகளில் எப்படி இறங்குகிறது என்பதை ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக விளக்கியிருக்கிறார். எல்லாக் கம்பிகளும் முன்பே இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. தரையைத் தொடும் இடத்தில் உள்ளவை மட்டும் அந்த நொடியில் சற்றுத் தளர்கின்றன. அந்தத் தளர்வுதான் அவை சுமையைத் தாங்கும் விதம். பிறகு மேலே சென்று மீண்டும் இறுகுகின்றன. பெரியவர் இந்த நூலைப் படித்தவர் அல்லர். கம்பிகளை விரலால் மீட்டிக் காட்டினார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். தாழ்ந்து ஒலிப்பது தளர்ந்திருக்கிறது. என் மகன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

நான் பள்ளிக்குப் போன நாட்களில் எங்கள் தெரு முனைச் சைக்கிள் கடையில் சக்கரத்தைத் தலைகீழாக நிறுத்திக் கோட்டம் எடுப்பார்கள். போக்ஸ் கம்பிச் சாவியைக் கால்திருப்பு, அரைத்திருப்பு என்று திருப்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், தொட விடமாட்டார்கள். இங்கே என் மகன் அதே சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். இடப்புறக் கம்பியை இறுக்கினால் ரிம் இடப்புறம் வரும். ஆனால் அது வட்டத்தையும் சற்றே கெடுக்கும். அதைச் சரிசெய்தால் இன்னோரிடத்தில் ஒரு நெளிவு தோன்றும். நான்காம் மாலை பெரியவர் எழுந்து வந்து சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம்முக்கும் அளவுகோலுக்கும் நடுவே குனிந்து பார்த்தார். அரை மில்லிமீட்டர் ஆடியது. அவன் மீண்டும் சாவியை எடுத்தான். அவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். இதற்கு மேல் இழுத்தால் சக்கரம் நேராகத் தெரியும், ஆனால் கம்பிகளின் இறுக்கம் ஒன்றுக்கொன்று மாறிப்போகும். பத்தாவது பந்தயத்தில் அது வெளிப்படும் என்றார்.

அக்டோபரில் முதல் பந்தயம். நாற்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பதாவதாக வந்தான். சக்கரம் அவனை வேகமாக ஆக்கவில்லை. அதற்காக வாங்கவும் இல்லை. பழைய ஜோடி, வழுவழுப்பான டயரோடு, மாற்றுச் சக்கரம் வைக்கும் இடத்தில் கிடந்தது. பந்தயத்தின்போது அங்கே மட்டும்தான் சக்கரத்தை மாற்ற அனுமதி. தேவைப்பட்டிருந்தால் வழுக்கி வழுக்கியாவது முடித்திருப்பான். பக்கத்தில் இன்னொரு பையனுக்கு இரண்டு சைக்கிள்கள், நான்கு ஜோடிச் சக்கரங்கள், கழுவித் தர ஒரு மாமா. என் மகன் அவற்றைப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

புதுச் சக்கரத்தின் கம்பிகள் முதல் ஓட்டங்களில் சற்றே தளரும். அன்று மாலை அவனே கொட்டகையில் சக்கரத்தை நிறுத்தி, ஒவ்வொரு கம்பியாக மீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு கம்பிகளுக்குக் கால்திருப்பு. பிறகு சுழற்றிவிட்டுப் பார்த்தான்.

"இன்னும் அரை மில்லிமீட்டர் ஆடுதுப்பா" என்றான்.

சாவியைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்குப் போகப் பழைய சக்கரங்களை மாட்டத் தொடங்கினான்.