பாட்டில் இல்லாத நாள்கள்

“குடிச்சாத்தான் அவர் மனுஷன் இல்லை. குடிக்கலைன்னா தங்கம்.” சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்த காலத்தில் இதைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். கன்னத்தில் விரல் தடம் பதிந்திருக்கும். வாய் கணவனுக்காக வாதாடும். பழியைச் சுமக்க ஒரு பாட்டில் இருப்பது எல்லோருக்கும் வசதி. மாமியாருக்கு மகன் நல்லவனாகவே இருப்பான். பஞ்சாயத்துப் பேச வந்தவருக்கு “குடியை விட்டுடுப்பா” என்பதோடு வேலை முடியும்.

கொரோனா ஊரடங்கு வந்ததும், 2020 மார்ச் 24 மாலையோடு டாஸ்மாக் மதுக்கடைகளை மூடினார்கள். மே 7 வரை திறக்கவில்லை. பிளாக்கில் சரக்கு ஓடியது, ஊறல் போட்டார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்துக் கூலிக்காரருக்கு அந்த விலை எட்டவில்லை. குடிதான் காரணம் என்ற கணக்குப்படி பார்த்தால் அடியும் குறைந்திருக்க வேண்டும்.

நாடு முழுக்கக் கடை மூடப்பட்ட அந்த நாள்களையொட்டி, மார்ச் 23 முதல் ஏப்ரல் 1 வரை, தேசிய மகளிர் ஆணையத்துக்குக் குடும்ப வன்முறை பற்றி மட்டும் 69 புகார்கள் போயின. மார்ச் 2 முதல் 8 வரை வந்தவை 30. ஒன்று பத்து நாள், இன்னொன்று ஏழு நாள். அதைக் கழித்துப் பார்த்தாலும் கூடுதல்தான். இவ்வளவு பெரிய தேசத்துக்கு 69 என்பதே சிரிப்புக்குரிய எண். மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்தவள் அனுப்பினாள். தபாலை நம்பியிருந்த ஏழைப் பெண்ணின் புகார் வரவேயில்லை என்று ஆணையத்தின் அப்போதைய தலைவர் ரேகா சர்மாவே சொன்னார். ஏப்ரல் 10-இல் வாட்ஸ்அப் எண் கொடுத்தார்கள். அந்த வாட்ஸ்அப் இருக்கும் போன் யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

குடிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவனைக் கொண்ட பெண்களில் நூற்றுக்குச் சுமார் 70 பேர் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணவன் குடிக்கவே மாட்டான் என்ற பெண்களிலும் அது சுமார் 23 பேர். இந்த 23 பேருக்கு எந்தக் கடையை மூடுவது?

வேலை போன எரிச்சல், கடன்காரன் தொல்லை என்றும் அப்போது காரணம் சொன்னார்கள். பாக்கிச் சம்பளம் தராத முதலாளி மீது ஒருவன் கையும் நீளவில்லை. செக்போஸ்டில் லத்தியோடு நின்றவரிடம் “சார், சார்” என்று குழைந்தவன், வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பில்லை என்று தட்டை வீசினான். எங்கே கையை அடக்க வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஊரடங்கு மூடியது பெண் மூச்சுவிடும் சந்துகளை. நூறு நாள் வேலை, மகளிர் குழுக் கூட்டம், வெள்ளிக்கிழமைக் கோயில், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வாசலில் நின்று பேசும் கொஞ்ச நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, “நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்” என்ற வழி. மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். ‘கணவன் அடிக்கிறான்’ என்று காரணம் எழுதி யார் பாஸ் கேட்பார்கள்?

அந்த நாள்களில் என் அக்கா மகளுக்கு நான் போன் செய்தால் “நல்லா இருக்கோம் சித்தி” என்பாள். குரல் சற்றுத் தள்ளி ஒலிக்கும். கணவன் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான் என்று புரிந்துகொள்வேன். ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாய் நிவாரணம் வாங்கப் போன இடத்தில், சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றபடி, பின்னால் நின்ற பெண்ணின் போனை வாங்கியிருந்தாள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்காமலே பேசினாள் போலிருக்கிறது, பாதி கேட்கவில்லை. உதடு கிழிந்திருந்ததைக் கவசம் மறைத்தது என்று பிறகு சொன்னாள். வரிசை நகர்ந்ததும் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 7-இல் மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து ஓடத் தொடங்கிய அந்த வாரமே பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். “குடிச்சிருந்தானா?” என்றுதான் அக்கா முதலில் கேட்டாள். “அப்போ கடையே இல்லையேம்மா” என்றாள் அவள். மகளைப் பெற்றவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மருமகன் குடிக்கிறானா என்று விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். கை நீட்டுகிறானா என்று கேளுங்கள், அவள் தனியாக இருக்கும்போது.

புகார் கொடுத்தால் உடனே ஜெயில், இல்லையென்றால் விவாகரத்து என்றுதான் அக்கா பயந்தாள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்படிப்பட்டதல்ல. 181-க்குப் பேசலாம், மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், விவரம் எழுதி நீதித்துறை நடுவரிடம் அனுப்புவார். வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. தேவைப்பட்டால் கணவனையே வெளியேறச் சொல்லி நடுவர் உத்தரவிடலாம்.

அக்கா மகள் விஷயத்தில் அந்த உத்தரவுதான் வந்தது. பிள்ளையோடு அதே வீட்டில் இருக்கிறாள். அவன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். ஆம்பிளையை வாசலுக்கு அனுப்பியது ரொம்ப அதிகம் என்று அக்கா இன்னமும் சொல்கிறாள். பொங்கலுக்குப் போனபோதும் இதே பேச்சில் எங்களுக்குள் சண்டை.