காற்றே இல்லையே, கடலுக்குப் போகலாமா?

கார்த்திகை, மார்கழி வந்தால் ஊட்டிக்குப் பனி, சென்னைக்கு மழை. கன்னியாகுமரி மாவட்டம் முட்டம் போன்ற கடற்கரை ஊர்களுக்கோ புயல் பயம். 2017-ல் வந்த ஒக்கி விட்டுச்சென்ற பயம் அது.

அதற்கு முன்பு, புயல் என்றால் கடலூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ போகும் என்றுதான் இங்கே பலர் நினைத்தார்கள். அதற்குக் காரணமும் உண்டு. புயலைச் சுழல வைப்பதில் பூமியின் சுழற்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த விளைவு நிலநடுக்கோட்டில் இருக்காது. அங்கிருந்து விலக விலகத்தான் கூடும். முட்டம் இருப்பதோ 8 டிகிரி வடக்கில். இவ்வளவு தெற்கே புயல் உருவாவது அபூர்வம்.

ஆனால், அபூர்வமானது நடக்காது என்று யார் சொன்னது? 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாளே குமரிக்கடலில் புயல்! வெதுவெதுப்பான கடல்நீர்தான் புயலுக்குத் தீனி. அது தாராளமாகக் கிடைத்தது.

கரையில் இருப்பவருக்கு ஒரு நாள் அவகாசம் போதும். ஆனால் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள் கிளம்பிப் பல நாள்கள் ஆகியிருந்தன. அங்கே செல்போன் சிக்னல் எட்டாது. எச்சரிக்கை டிவியில் ஓடியது. கேட்க வேண்டியவர்களின் காதுக்குப் போகவில்லை. குமரியிலும் திருவனந்தபுரத்திலும் பல குடும்பங்களுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதன்பிறகு வந்ததுதான் 'ஜெமினி' கருவி. 2019-ல் அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, நடுக்கடலிலும் மீனவரின் போனுக்கு அனுப்பும். ஆனால் அது ஒருவழிப்பாதை. படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. இருவழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர்கள் பின்னால் வந்தன.

கருவி வந்துவிட்டது, சரி. நம்பிக்கை?

முட்டத்தில் ஒரு பெரியவர். வீசுவது கொண்டலா, வாடையா, கச்சானா என்று முகத்தில் பட்டதுமே சொல்லிவிடுவார். ஒரு டிசம்பரில் பேத்தி போனைப் பார்த்து எச்சரிக்கையை வாசித்தபோது, "காத்தே இல்லியே மக்கா" என்றார்.

"ஒக்கி வந்தப்பவும் இதத்தானே தாத்தா சொன்னீங்க?"

பெரியவர் பேசவில்லை. மகனைப் போக வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அன்று கடல் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் வருமானம் போனதுதான் மிச்சம்.

வானிலைக் கணிப்பு சில நேரம் தப்பும். தப்பிய நாளில் அரிசிக்கு வழி இருந்தால்தான், அடுத்த எச்சரிக்கைக்கு மீனவர் கரையில் நிற்பார். செயற்கைக்கோள் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கடலுக்குப் போகாத நாளின் கூலியை யார் கொண்டுவருவது?