உழாது விட்ட நிலம்

இலண்டன் மாநகருக்குத் தெற்கே, மேற்குச் சசெக்ஸ் பகுதியில், நெப் என்னும் பண்ணை ஏறக்குறைய 3,500 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கின்றது. மாரியிற் சேறாகவும் கோடையிற் பாறையாகவும் மாறும் களிமண் அது. 1987இல் அதனைப் பொறுப்பேற்ற சார்ளி பரல், புதுமுறை உழவும் பாற்பண்ணையும் நடத்திப் பெரும்பாலும் நட்டமே கண்டார். 2000ஆம் ஆண்டிற் கறவை மாடுகளையும் இயந்திரங்களையும் விற்றார்.

பின்னர் கலப்பையின் இடத்திற்கு விலங்குகள் வந்தன. நீள்கொம்பு மாடுகளும் எக்ஸ்மூர் மட்டக்குதிரைகளும் மான்களும் பன்றிகளும் அங்கே அவிழ்த்துவிடப்பட்டன. மாடு மேய்ந்து புதரை அடக்கும். பன்றி மூக்காற் கிளறி மண்ணைப் புரட்டும். புரண்ட ஈரமண்ணில் வில்லோ இனப் புதர் முளைக்கும். அதன் இலையையே ‘ஊதாச் சக்கரவர்த்தி’ என்னும் அரிய வண்ணத்துப்பூச்சியின் புழு உண்ணும். முட்புதர்களில் நைற்றிங்கேல் பறவை பாடலாயிற்று. சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட செங்கால் நாரையின் இனமும் அங்கே கொண்டுவந்து விடப்பட்டு, 2020இல், பல நூற்றாண்டுகளின் பின் பிரித்தானிய மண்ணிற் குஞ்சு பொரித்தது.

விளைநிலம் களைக்காடாவதா என அயலார் சிலர் சினந்தனர். அவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. உலகு உண்ண வேண்டுமன்றோ? ஆயினும் அந்நிலம் இன்றும் இறைச்சி தருகின்றது. வளமான வயலை உழுக, நட்டமே தரும் களியை ஓயவிடுக என்பதே நெப் பண்ணை புகட்டும் பாடம்.